இடது காதுக்கு ஒரு தாய்மாமன்

"ஐயா, நான் வரி செலுத்த விரும்புகிறேன்" என்றார் மாடி வீட்டு லார்ஸ்.

வேடியப்பனுக்கு இட்லி பாதித் தொண்டையில் நின்றது.

ரமணாசிரமத்துப் பக்கம் வீடு கட்டி மாடியை வெள்ளைக்காரர்களுக்கு விடுகிறவர் கேள்விப்படாத ஆசை உலகத்தில் கிடையாது. ஆறு மாசம் வாய் திறக்காமல் இருக்க ஆசைப்பட்டவர், பப்பாளியை மட்டுமே தின்ன ஆசைப்பட்டவர், தான் யார் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு அட்வான்ஸைத் திருப்பி வாங்க மறந்து போனவர் என்று எல்லாரும் அந்த மாடியில் குடியிருந்து போனார்கள். வரி கட்ட ஆசைப்பட்டு ஒருவர் படியிறங்கி வந்தது அன்றைக்குத்தான்.

லார்ஸ் டென்மார்க்காரர். காற்றாலைக் கம்பெனி ஒன்று விசா வாங்கிக் கொடுத்து அனுப்பி வைத்த எஞ்சினியர். மார்ச் மாசக் கடைசியில் வந்து இறங்கினார். தமிழைப் போனிலேயே படித்தவர் என்பதால் அச்சடித்த மாதிரிதான் பேசுவார். செங்கம் ரோட்டு டீக்கடையில் அவர் முதல் நாள் "தேநீர் அருந்த வாய்ப்புண்டா?" என்று கேட்டபோது, கடைக்காரர் எழுந்து நின்று லுங்கியை இறக்கி விட்டுக்கொண்டாராம்.

"நேற்றோடு இந்த நிதியாண்டில் நூற்று எண்பத்திரண்டு நாட்கள் இந்தியாவில் தங்கிவிட்டேன்" என்றார் லார்ஸ். "சட்டப்படி நான் இப்போது இங்கு வசிப்பவன். ஆகவே வருமான வரி விவரம் தாக்கல் செய்ய வேண்டும். அதற்கு வாடகை ஒப்பந்தம் தேவை. உங்கள் பான் எண்ணும் தேவை."

இட்லி இறங்கிவிட்டது. அடுத்ததைத் தொடாமல் வேடியப்பன் தட்டைத் தள்ளி வைத்தார்.

விஷயம் இதுதான். வேடியப்பனின் மனைவி எல்லம்மாளுக்கு அரசாங்கம் மாசாமாசம் ஆயிரம் ரூபாய் போடுகிறது. குடும்பத்தில் யாராவது வருமான வரி கட்டினால் அது நின்றுவிடும் என்று மனு வாங்கிய முகாமிலேயே சொல்லியிருந்தார்கள். "எங்க வீட்ல வருமானம் வந்தாத்தானே சார் வரி" என்று சிரித்துவிட்டு வந்தவர் வேடியப்பன். பதினைந்தாம் தேதி எல்லம்மாள் பாங்குக்கு நடக்கிற நடையைப் பார்த்தால் கலெக்டரே ஓரம் ஒதுங்கி வழிவிடுவார். அது அவளுடைய பணம். புருஷன் வாயால் அது நின்றது என்று தெரிந்தால், மீதி ஆயுளுக்கு வேடியப்பனுக்குச் சாப்பாடு கோயில் அன்னதானத்தில்தான்.

ஆகவே அவர் மூளையைப் பயன்படுத்தினார். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

"வாடகையா? யாரு சொன்னது வாடகைனு?"

"மாதம் பன்னிரண்டாயிரம் ரூபாய் தருகிறேனே?"

"அது அன்பளிப்பு தம்பி. நீங்க எங்க வீட்டுப் புள்ள. வீட்டுப் புள்ளைகிட்ட எவனாவது வாடகை வாங்குவானா?"

"சென்ற மாதம் மூன்று நாள் தாமதமானபோது தண்ணீர் மோட்டாரை நிறுத்திவிட்டீர்களே?"

"அது பாசம். வீட்டுப் புள்ளனா கண்டிக்க மாட்டோமா?"

லார்ஸின் பச்சைக் கண்கள் கலங்கின. நோட்டுப் புத்தகத்தை எடுத்து 'அன்பளிப்பு' என்று எழுதினார். அடுத்த வரியில் 'பாசம்' என்று எழுதி அடிக்கோடு போட்டார். பிறகு ஆடிட்டரைப் பார்க்க நேராக வேங்கிக்காலுக்கு ஆட்டோ பிடித்தார்.

மறுநாளே ஆடிட்டர் சக்கரபாணியிடமிருந்து வேடியப்பனுக்கு அழைப்பு வந்தது.

வேங்கிக்காலில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது சக்கரபாணியின் ஆபீஸ். உள்ளே நுழைந்ததும் டைப் அடிக்கிற திரௌபதி அம்மாள் இருப்பார். பத்தொன்பது வருஷமாக அங்கே வேலை பார்க்கிறவர். ஊரில் உள்ள அத்தனை பேரின் பொய்யையும் தன் கையாலேயே டைப் அடித்தவர் என்பதால் எதற்கும் தலை நிமிர்த்த மாட்டார்.

"வேடியப்பா, அந்த டென்மார்க்காரரு உனக்கு மாசாமாசம் அன்பளிப்பு குடுக்கிறாராமே?" என்றார் சக்கரபாணி.

"ஆமாங்க சார். தங்கமான மனுஷன்."

"எவ்ளோ குடுக்கிறாரு?"

"அன்பை எவ்ளோனு எப்படிங்க சார் சொல்றது?"

"சரி, சொல்லாத. ஆனா வேத்து ஆளு குடுக்கிறது வருஷத்துக்கு அம்பதாயிரத்தைத் தாண்டிச்சுன்னா அது உன் வருமானத்துல சேர்ந்துடும். சொந்தக்காரங்க குடுத்தா தொல்லை இல்ல."

"சொந்தக்காரருதான் சார்!"

திரௌபதி அம்மாளின் விரல்கள் ஒரு விநாடி நின்றன. தலை நிமிரவில்லை.

"யாருக்கு?" என்றார் சக்கரபாணி.

"எங்களுக்குத்தான். தூரத்துச் சொந்தம்."

"டென்மார்க் தூரம்தான்யா, அது எனக்கும் தெரியும். தூரத்துச் சொந்தமெல்லாம் செல்லாது. யார் யாரு சொந்தம்னு சட்டத்துல லிஸ்டே போட்டு வெச்சிருக்கான்." கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "பொண்டாட்டி. கூடப் பொறந்தவங்க. அப்பா அம்மாவோட கூடப் பொறந்தவங்க. பொண்டாட்டியோட கூடப் பொறந்தவங்க…"

வேடியப்பன் வேகமாக யோசித்தார். தன் கூடப் பிறந்தவர் என்றால் ஊரில் எல்லாருக்கும் அவருடைய அப்பாவைத் தெரியும். சித்தப்பா என்றால் லார்ஸுக்கு வயசு பத்தாது.

"பொண்டாட்டியோட அண்ணன் சார்! எனக்கு மச்சான்."

சக்கரபாணி கண்ணாடியைக் கழற்றினார். வேடியப்பனை மேலிருந்து கீழாகப் பார்த்தார். ஆறடி மூன்றங்குல லார்ஸ் உட்கார்ந்துவிட்டுப் போன நாற்காலியையும் ஒரு முறை பார்த்தார்.

"நல்லது. நாளைக்கு யாராவது கேட்டா ஆதாரம் காட்டணும். பத்திரிகை, பேனர், போட்டோ, ஏதாவது வெச்சிருக்கியா?"

"ரெடி பண்ணிடலாம் சார்" என்றார் வேடியப்பன்.

வீட்டுக்கு வந்து எல்லம்மாளிடம் பக்குவமாக ஆரம்பித்தார்.

"உனக்கு ஒரு அண்ணன் கெடைச்சிருக்காரு."

"இருக்கிற ஒருத்தரே எனக்கு ஜாஸ்தி."

"மாடி வீட்டுக்காரருதான்."

எல்லம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். "குடிச்சிருக்கீங்களா?"

வேடியப்பன் எல்லாவற்றையும் சொன்னார். ஆயிரம் ரூபாய் என்ற வார்த்தை வந்த இடத்தில் அவள் முகம் மாறியது. விறகை அடுப்புக்குள் தள்ளினாள்.

"எங்கப்பா வாலிபத்துல லாரி ஓட்டினவரு" என்றாள் மெதுவாக. "மெட்ராஸ் ஹார்பர் வரைக்கும் லோடு ஏத்தினு போவாரு. கப்பல் வர்ற எடம். எங்கங்க வண்டியை நிறுத்தினாரோ, யாரு கண்டா?"

செத்து எட்டு வருஷமான மாமனாரின் நல்ல பெயர் அரை நிமிஷத்தில் அடுப்புப் புகையோடு போனதை வேடியப்பன் பார்த்துக்கொண்டு நின்றார். தன்னுடையது எத்தனை விநாடி தாங்கும் என்று யோசித்தவர், யோசனையை அத்தோடு நிறுத்திவிட்டார்.

ஆதாரத்துக்கு வழி வீட்டிலேயே ஓடி விளையாடிக்கொண்டிருந்தது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பிறந்த ஒரே மகள் அபிநயா. நாலு வயசாகியும் காது குத்தவில்லை. கீழ்பென்னாத்தூரில் இருக்கும் எல்லம்மாளின் சொந்த அண்ணன் மணிவேல், "மல்லாட்டை வெலை ஏறட்டும், ஊரே அசர்ற மாதிரி சீர் கொண்டாறேன்" என்று ஒவ்வொரு வருஷமும் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார். வேர்க்கடலை விலை ஏறினாலும் போதுமான அளவு ஏறவில்லை என்பார்.

தாய்மாமனாக இருந்து காது குத்து நடத்த வேண்டும் என்று லார்ஸிடம் சொல்லப்பட்டது.

"தாய்மாமன் என்பது நெருங்கிய உறவா?" என்று கேட்டார்.

"அதுக்கு மேல ஒண்ணுமே இல்ல தம்பி. அப்பனை மாத்தினாலும் மாத்தலாம், தாய்மாமனை மாத்த முடியாது" என்றார், அன்று காலைதான் தாய்மாமனை மாற்றியிருந்த வேடியப்பன்.

பேனர் வைத்தார்கள். செங்கம் ரோட்டுத் திருப்பத்தில், பன்னிரண்டடிக்கு எட்டடி. பேனர் கடைக்காரர் கேட்டது லார்ஸின் ஒரே ஒரு போட்டோ. அதை நாலு இடத்தில் நாலு சைஸில் போட்டு, பின்னால் ஒரு சிங்கத்தையும் பக்கத்தில் ஒரு ஹெலிகாப்டரையும் சொந்தப் பொறுப்பில் சேர்த்திருந்தார். 'அபிநயாவின் காதணி விழாவுக்கு வருகை தரும் தாய்மாமன், டென்மார்க் சிங்கம் லார்ஸ் அவர்களே, வருக வருக!'

டென்மார்க்கில் சிங்கம் கிடையாது என்று லார்ஸ் பணிவோடு தெரிவித்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பேனர் ஏறிய மூன்றாவது மணி நேரம், மல்லாட்டை மூட்டை ஏற்றிய மினி லாரி ஒன்று அதன் எதிரே நடு ரோட்டில் நின்றது. பின்னால் ஏழு பஸ் நின்றது. லாரியிலிருந்து இறங்கிய மணிவேல் பேனரை ஒரு தடவை எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு லாரியை அப்படியே விட்டுவிட்டு வேடியப்பன் வீட்டுக்கு நடந்தார்.

"மாப்ள! எவன்யா அவன்? நான் உசுரோட இருக்க சொல்ல எவன்யா என் எடத்துல சிங்கத்தோட நிக்கிறான்?"

உண்மையைச் சொல்லலாம். ஆனால் மணிவேலிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் அது கீழ்பென்னாத்தூர் முழுக்கத் தெரிந்துவிடும். வேடியப்பன் எல்லம்மாளைப் பார்த்தார். எல்லம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எப்படிண்ணா உன்னாண்ட சொல்றது… அப்பா ஹார்பருக்கு லோடு அடிச்சாரே, ஞாபகம் இருக்குதா?"

மணிவேல் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து லார்ஸ் படியிறங்கி வந்து, "வணக்கம், நலமா?" என்றார். மணிவேல் அவரையே உற்றுப் பார்த்தார். ரோட்டில் ஏழு பஸ்ஸும் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

"மூக்கு…" என்றார் மணிவேல், குரல் உடைந்து. "அப்படியே எங்கப்பா மூக்கு."

எழுந்து போய் லார்ஸைக் கட்டிப்பிடித்து அழுதார். அவருடைய தலை லார்ஸின் மார்பு வரைக்கும்தான் வந்தது. லார்ஸும் அழுதார். எதற்கு என்று அவருக்குத் தெரியாது. அந்த ஊருக்கு வந்ததிலிருந்து பலர் அப்படி அழுவதைப் பார்த்திருந்ததால், இதுதான் முறை என்று எடுத்துக்கொண்டார்.

அழுது முடித்ததும் மணிவேல் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"ரத்தம் ரத்தம்தான். ஆனா கழனியில பங்கு கேக்கக் கூடாது."

மறுநாள் இருபது ரூபாய்ப் பத்திரம் வாங்கி வந்தார். 'காலஞ்சென்ற லாரி டிரைவர் சின்னசாமியின் குமாரனாகிய நான், என் தகப்பனாரின் இரண்டு ஏக்கர் புஞ்சையில் எனக்குப் பாத்தியதை எதுவும் வேண்டாம் என்று என் தம்பி மணிவேலுக்கு மனப்பூர்வமாக எழுதிக் கொடுத்தது.' லார்ஸ் ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் கேட்டார். குமாரன் என்றால் என்ன என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார். பிறகு சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டு, தனக்கும் ஒரு பிரதி வேண்டும் என்றார்.

நிலம் தீர்ந்தது. காது தீரவில்லை.

"அண்ணனா இருக்கட்டும், ஆண்டவனா இருக்கட்டும்" என்றார் மணிவேல். "கொழந்தை என் மடியிலதான் உக்காரணும்."

"பேனர்ல அவர் பேருதானே மச்சான் இருக்குது?"

"அப்போ கிழிச்சுடறேன்."

பேனர் கிழிந்தால் ஆதாரம் கிழியும். ஆதாரம் கிழிந்தால் ஆயிரம் கிழியும். வேடியப்பன் இன்னொரு தடவை மூளையைப் பயன்படுத்தினார்.

"கொழந்தைக்கு ரெண்டு காது இருக்குதே மச்சான். ஆளுக்கு ஒண்ணு."

மணிவேல் வலது காதை எடுத்துக்கொண்டார். லார்ஸுக்கு இடது.

ஐப்பசி முகூர்த்தத்தில் வீட்டு வாசலில் பந்தல் போட்டார்கள். விட்டுக் கொடுத்தவர் என்ற பெயர் வந்துவிட்டதே என்ற ஆத்திரத்தில், மணிவேல் டிராக்டரில் இருபத்தொரு சீர்த்தட்டோடு பம்பை அடித்துக்கொண்டு வந்து இறங்கினார். பழம், பாவாடை, வெள்ளிக் கொலுசு, ஒரு மூட்டை மல்லாட்டை. தாய்மாமன் என்றால் சீர் கொண்டு வர வேண்டும் என்பது லார்ஸுக்கு முந்தின நாள்தான் தெரிந்தது. அவர் எஞ்சினியர். வேலையைப் பிரித்துக் கொடுத்தார்.

ரமணாசிரமத்துப் பக்கம் இருந்த அத்தனை வெள்ளைக்காரர்களும் ஆளுக்கொரு தட்டோடு வரிசையாக வந்தார்கள். ஐம்பத்தொரு தட்டு. பழம், பூவுக்கு நடுவே கார்ன்ஃப்ளேக்ஸ் ஒரு தட்டு, சுருட்டிய யோகா பாய் ஒரு தட்டு, ஆலிவ் எண்ணெய் ஒரு தட்டு. ஒரு தட்டில் ஒன்றுமே இல்லை. கொண்டு வந்த பெண்மணி, "இது மௌனம்" என்றார். எல்லம்மாள் அதையும் வாங்கி உள்ளே வைத்தாள்.

மொட்டை யாருக்கு என்று லார்ஸ் கேட்க மறந்துவிட்டார். தாமும் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

அபிநயா லார்ஸின் மடியை விட்டு இறங்க மாட்டேன் என்றாள். அந்த மொட்டையில் தாளம் போடுவது அவளுக்குப் பிடித்திருந்தது. கடைசியில் இரண்டு நாற்காலியை ஒட்டிப் போட்டு, இரண்டு மாமன்களும் தொடையோடு தொடை ஒட்டி உட்கார்ந்து, நடுவில் குழந்தையை வைத்துக்கொண்டார்கள்.

"மொதல்ல எந்தப் பக்கம்?" என்று கேட்டார் ஆசாரி.

"வலது!" என்றார் மணிவேல்.

"தாங்கள் எப்படிக் கருதுகிறீர்களோ அப்படியே" என்றார் லார்ஸ்.

ஆசாரி முப்பது வருஷத் தொழிலில் முதல் தடவையாக ஊசியைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். குழந்தை அழவில்லை. மாமன்கள் இரண்டு பேரும் அழுதார்கள். பந்தல் முழுக்க வெள்ளைக்காரர்கள் போனை உயர்த்திப் படம் எடுத்தார்கள்.

பந்தியில் சக்கரபாணி மூன்றாவது கரண்டி மட்டன் பிரியாணிக்கு இலையை நகர்த்திக் கொடுத்தார். வேடியப்பன் பக்கத்தில் குனிந்தார்.

"ஆதாரம் போதுமாங்க சார்?"

"ஏராளம். ஆமா, இப்பவாவது சொல்லு. அந்தாளு உனக்கு எவ்ளோதான் குடுக்கிறாரு?"

"மாசம் பன்னெண்டாயிரம் சார்" என்றார் வேடியப்பன் காதோடு காதாக. "வேற வருமானம்னு பாத்தா கொஞ்சம் கொய்யா விக்கிறதுதான்."

சக்கரபாணி எலும்பை இலையில் வைத்தார். "யோவ், இதுக்கு வரியே வராதுய்யா! வாடகைனே நேரா சொல்லியிருந்தாலும் ஒத்தை ரூவா கட்ட வேண்டாம். பான் நம்பரைக் குடுத்துட்டு நீ பேசாம தூங்கியிருக்கலாம்."

"இதை மொதல்லியே சொல்லக் கூடாதா சார்?"

"நீதான் அன்பை அளக்க முடியாதுன்னியே."

வேடியப்பன் பந்தலைப் பார்த்தார். ஷாமியானா, பம்பைக்காரர்கள், நூற்றெண்பது இலை, நாலு கிடா. இந்த ஆயிரத்தைக் காப்பாற்ற ஆன செலவுக்கு எல்லம்மாள் இன்னும் பதினேழு வருஷம் பாங்குக்கு நடக்க வேண்டும். அதை அவளிடம் சொல்வதில்லை என்று அப்போதே முடிவு செய்தார். இந்தக் கதையில் அவர் எடுத்த ஒரே நல்ல முடிவு அது.

அந்த மாசமும் பதினைந்தாம் தேதி ஆயிரம் வந்தது. எல்லம்மாள் கலெக்டர் நடை நடந்து போய் எடுத்து வந்தாள். லார்ஸும் ஒன்றாம் தேதி தவறாமல் பன்னிரண்டாயிரத்தை ஒரு கவரில் போட்டு, மேலே 'அன்பளிப்பு' என்று எழுதிக் கொடுத்தார். இப்போதெல்லாம் "மச்சான்" என்றுதான் கூப்பிடுகிறார். மணிவேல் அவருக்கு வாரம் ஒரு தடவை மல்லாட்டை அனுப்புகிறார். எல்லாம் ஒரு வழியாக அடங்கிவிட்டது என்று வேடியப்பன் நிம்மதியாக இருந்தார்.

தீபத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஆடிட்டர் ஆபீஸிலிருந்து மறுபடி போன் வந்தது. உடனே வரச் சொன்னார்கள்.

வேடியப்பன் இரண்டிரண்டு படியாக ஏறினார். உள்ளே சக்கரபாணியின் நாற்காலி காலியாக இருந்தது. சுவரோரப் பெஞ்சில் ஏழு வெள்ளைக்காரர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் புது வேட்டி, புது மொட்டை. வேடியப்பனைக் கண்டதும் ஏழு பேரும் ஒன்றாக எழுந்து கைகூப்பி, "வணக்கம், மச்சான்!" என்றார்கள்.

"இன்னாம்மா இது?" என்றார் வேடியப்பன்.

பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாகத் திரௌபதி அம்மாள் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டுத் தலை நிமிர்ந்தார்.

"லார்ஸ் சார் உங்க பேனரையும் அந்தப் பத்திரத்தையும் அவங்க ஊர் வரி ஆபீசுக்கு அனுப்பி, 'என் சொந்தபந்தம் எல்லாம் திருவண்ணாமலையிலதான்'னு நிரூபிச்சு, அங்க வரியாப் போக வேண்டிய பாதிச் சம்பளத்தை மிச்சம் பண்ணிட்டாராம், அதான் உங்க சொந்தத்துல இன்னும் காது குத்தாத புள்ளைங்க எத்தனை இருக்குதுனு இவங்க ஏழு பேரும் கேக்கறாங்க."